அம்மா தருகிற கிட்னியா, ஆய்வகத்தில் வளரப்போகிற கிட்னியா?

கொங்குப் பகுதியிலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். "டயாலிசிஸ் மெஷினில் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். இடது கையில் இரண்டு ஊசி இருப்பதால் தாளைப் பிடிக்க முடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்" என்று தொடங்குகிறது கடிதம். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். பதினான்கு மாதங்களுக்கு முன் தலைவலி என்று டாக்டரிடம் போனவருக்கு ரத்த அழுத்தம் 210, கிட்னி கழிக்க வேண்டிய கழிவான கிரியேட்டினின் 9. ஐஜிஏ நெஃப்ரோபதி என்கிற நோய் சத்தமில்லாமல் இரண்டு கிட்னிகளையும் முடித்துவிட்டிருந்தது. அன்றிலிருந்து வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். வீட்டில் மனைவி, நான்கு வயது மகள், அம்மா. அப்பா காலமாகிவிட்டார்.

அம்மாவுக்கு 57 வயது. முதல் நாளே டாக்டரிடம் "என்னோடதை எடுத்து வெச்சுருங்க" என்று சொல்லிவிட்டாராம். இருவருக்கும் ஓ பாசிட்டிவ். அம்மாவின் கிட்னியை மகன் உடம்பு ஏற்குமா என்று ரத்தத்தில் பார்க்கும் கிராஸ் மேட்ச் வரை போய், தடையில்லை என்று முடிவு வந்த பிறகு வாசகர்தான் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார். நோயாளியின் செல்லிலிருந்தே கிட்னியை அச்சடித்து எடுப்பதாக ஒரு வீடியோவில் பார்த்தாராம். "இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் வந்துவிடும் என்கிறார்கள். அதற்குள் எதற்கு அம்மாவின் வயிற்றைக் கிழிக்க வேண்டும்?" என்று கேட்கிறார். பன்றிக் கிட்னி பொருத்துகிறார்களாமே, முட்டைகூட நுழையாத எங்கள் வீட்டுக்கு அது சரிவருமா என்பது அடுத்த கேள்வி. ஆறு லட்சம் கட்டினால் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டு செத்த கிட்னியை மறுபடி வளரவைக்கிறேன் என்கிறாராம் ஒரு முகவர். அதை நம்பலாமா என்பது மூன்றாவது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பின்குறிப்பாக இன்னும் ஒன்று. அதற்குக் கடைசியில் வருகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தம்பி, அந்த வீடியோவைப் பார்த்து நீங்கள் பிரமித்ததில் தப்பே இல்லை. இதே துறையில் முப்பது வருஷமாக இருக்கிற நானும் பிரமித்தவன்தான். 2006-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பாஸ்டனில் அந்தோணி அட்டாலா என்கிற மருத்துவரும் அவருடைய குழுவினரும், பிறவியிலேயே தண்டுவடக் குறை இருந்த ஏழு பிள்ளைகளுக்கு, அவரவர் செல்லிலிருந்தே வளர்த்த சிறுநீர்ப்பைத் திசுவைப் பொருத்தியிருந்தார்கள். அஞ்சல் தலை அளவுக்கு ஒரு துணுக்கை வெட்டியெடுத்து, தசைச் செல்லையும் உள்தோல் செல்லையும் பிரித்து வளர்த்து, பை வடிவ அச்சில் உள்ளே ஒன்று வெளியே ஒன்றாகப் பூசி, ஏழெட்டு வாரத்தில் தயார். அதைப் படித்த கிறுகிறுப்பில், அன்று என் வார்டில் இருந்த இன்ஜினியரிங் மாணவர் ஒருவரிடம் "இன்னும் பத்தே வருஷம், உன் கிட்னியையும் வளர்த்துக் கையில் தந்துவிடுவோம்" என்று சொல்லிவிட்டேன். அவர் அதை மறக்கவில்லை. 2016-இல் பரிசோதனைக்கு வந்தபோது "சார், பத்து வருஷம் ஆயிடுச்சு" என்று சிரித்தார். நல்லவேளையாக என் பேச்சை நம்பிக் காத்திருக்கவில்லை. அவருடைய அக்கா கொடுத்த கிட்னியோடு வந்து நின்றுதான் சிரித்தார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் வருஷக் கணக்கு சொல்வதில்லை.

வீடியோவில் நீங்கள் பார்த்தது

நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தை வைத்துப் பார்த்தால், அது 2011 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த டெட் மேடைப் பேச்சின் ஒரு துண்டு. பேசுகிறவர் அதே அட்டாலா; அப்போது வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். கையுறை போட்ட கையில், மெஷின் அச்சடித்த, இளஞ்சிவப்பில் கிட்னி மாதிரியே இருக்கிற ஒன்றை ஏந்திக் காட்டுவார். கிட்னியின் வடிவத்துக்கு வார்த்த மாதிரி அது, அவ்வளவுதான். ரத்தம் போய்வரக் குழாய் கிடையாது, சிறுநீர் பிரிக்கிற அமைப்பும் கிடையாது. 'நிஜக் கிட்னியை அச்சடித்தார்' என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்ததும், அது வேலை செய்கிற உறுப்பு இல்லை என்று பல்கலைக்கழகமே விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. அந்தப் பழைய துண்டுக்குத்தான் யாரோ தமிழில் குரல் கொடுத்து 'இப்போது வந்துவிட்டது' என்று சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள்.

அதே மேடைக்கு ஓர் இளைஞரும் வருவார், பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் அந்தச் சிறுநீர்ப்பை பொருத்தப்பட்டவர். அவர் கதை நிஜம். நிஜமான பிள்ளையும் மாதிரிக் கிட்னியும் ஒரே மேடையில் நின்றதுதான் குழப்பத்துக்கு வித்து. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிறுநீர்ப்பையும் இன்னும் சாதாரண சிகிச்சையாகிவிடவில்லை. அதே வழியில் செய்த அடுத்த கட்டச் சோதனையின் முடிவு 2014-இல் வெளியானது. பை எதிர்பார்த்தபடி விரிந்துகொடுக்கவில்லை, பக்க விளைவுகளும் ஏற்றுக்கொள்ள முடியாத அளவுக்கு இருந்தன. இந்தச் செய்தியை யாரும் வீடியோ போடுவதில்லை.

சிறுநீர்ப்பை ஒரு பை. தண்ணீர் நிரம்பும்போது விரிய வேண்டும், பிறகு சுருங்க வேண்டும். கிட்னி அப்படி இல்லை. ஒரு கிட்னிக்குள் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தனி வடிகட்டி, கூடவே ஒரு குழாய். இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு கிட்னிகளுக்குத்தான் போகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதில் 178 லிட்டருக்கும் மேல் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகிறது. எதைத் திருப்பிக் கொடுப்பது, எதை விடுவது என்று நொடிக்கு நொடி கணக்குப் பார்க்கிற உறுப்பு. கணக்கு எழுதுகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த வேலையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்றால், கேட்கவே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. தோலிலோ ரத்தத்திலோ எடுத்த செல்லைக் கருவின் தொடக்க நிலைக்குத் திருப்பி ஓட்ட முடியும் என்று ஜப்பானில் ஷின்யா யமனாக்கா 2006-இல் எலியிலும், 2007-இல் மனிதச் செல்லிலும் காட்டினார். 2012-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தச் செல்லை வைத்து 2015-இல் ஆஸ்திரேலியாவில் மெலிசா லிட்டிலின் குழு கிட்னியின் குட்டி வடிவத்தை வளர்த்தது. அதில் நெஃப்ரான்கள் தாமாகவே முளைத்தன. யாரும் செதுக்கவில்லை, அச்சடிக்கவில்லை. கருப்பையில் நடக்கிற ஒழுங்கில் செல்கள் தாங்களே கூடி நின்றன. நுண்ணோக்கிப் படத்தில் பச்சையும் சிவப்புமாக அந்தச் சுருள்களை முதன்முதலில் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதன் அளவு ஒரு துவரம் பருப்புதான். வளர்ச்சியில் அது மூன்று மாதக் கருவின் கிட்னி மாதிரி. சிறுநீர் வெளியேற வழி இல்லை, உங்கள் ரத்தக் குழாயோடு தைத்து இணைக்க எதுவும் இல்லை. மருந்தைச் சோதிக்கவும் நோயைப் புரிந்துகொள்ளவும் இன்று அது பெரிய வரம். உங்களுக்குப் பொருத்துவதற்கு அது ஆகாது.

இன்னொரு பாதையும் உண்டு. 2013-இல் பாஸ்டனில் எலியின் கிட்னி ஒன்றைச் சோப்பு மாதிரியான கரைசலில் அலசிச் செல்களை எல்லாம் நீக்கினார்கள். வெள்ளைக் கூடு மட்டும் மிஞ்சியது. அதில் புதுச் செல்களை ஊன்றி எலிக்குப் பொருத்தியபோது சிறுநீர் கொஞ்சம் சுரந்தது. அதுவும் இன்னும் மனிதருக்குப் பொருத்தும் நிலைக்கு வரவில்லை.

உங்களுக்கு உடனடியாகப் பயன்படக்கூடிய 'வளர்த்த உறுப்பு' ஒன்று இருக்குமானால், அது கிட்னியாக இராது, ரத்தக் குழாயாக இருக்கலாம். மனிதச் செல்களைக் கொண்டு ஆய்வகத்தில் குழாயை நெய்யவைத்து, பிறகு செல்களைக் கழுவி நீக்கிய ஒரு ரத்தக் குழாய்க்கு 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. விபத்தில் கை கால் ரத்தக் குழாய் அறுந்தவர்களுக்காக. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஃபிஸ்டுலாவுக்கு (ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) பதிலாக வைக்கவும் அதைச் சோதிக்கிறார்கள். படுக்கும்போது உங்கள் இடது கையைக் காதில் வைத்துப் பாருங்கள், புர்ர் என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த அதிர்வு நின்றுபோகிற நோயாளிக்குத்தான் இந்தக் குழாயின் அருமை தெரியும். தலைப்புச் செய்தியாகாத இந்த மாதிரி விஷயங்கள்தான் முதலில் நம் வார்டுக்கு வந்து சேரும் என்பது என் அனுபவம்.

பன்றிக் கிட்னி

இது ஆய்வகத்தில் வளர்ப்பது இல்லை. மரபணுவைத் திருத்திய பன்றியிடமிருந்து எடுப்பது. 2024 மார்ச்சில் பாஸ்டனில், 69 மரபணுத் திருத்தங்கள் செய்த பன்றியின் கிட்னியை 62 வயதுக்காரர் ஒருவருக்குப் பொருத்தினார்கள். இரண்டு மாதத்துக்குள் அவர் இறந்தார். கிட்னியால் இறந்ததாகத் தெரியவில்லை என்று மருத்துவமனை சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் ஒரு பெண்மணிக்குப் பொருத்தியது 130 நாள் வேலை செய்தது. 2025 ஜனவரியில் பாஸ்டனில் இன்னொருவருக்கு வைத்தது 271 நாள். பிறகு அதையும் எடுக்க வேண்டிவந்தது. இப்போது முறைப்படியான சோதனைகளுக்கு அங்கே அனுமதி கிடைத்திருக்கிறது. சீனாவின் குவாங்சௌவில் 2023-இல் பன்றிக் கருவுக்குள், பாதிக்கு மேல் மனிதச் செல்லாலான கிட்னியை 28 நாள் வரை வளர்த்துப் பார்த்தார்கள். இவையெல்லாம் பெரிய காரியங்கள்தான். ஆனால் 271 நாளை, அம்மாவின் கிட்னி சராசரியாகத் தரக்கூடிய பதினைந்து, இருபது வருஷத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வீட்டு ஆசாரம் பற்றிக் கேட்டீர்கள். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க உங்களுக்குப் போடுகிற ஹெப்பாரின், பெரும்பாலும் பன்றியின் குடல் சவ்விலிருந்து எடுப்பதுதான். பதினான்கு மாதமாக அது உங்கள் வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

ஆறு லட்ச ரூபாய் ஊசி

இதற்கு மட்டும் தயவு தாட்சண்யம் இல்லாமல் சொல்கிறேன்: வேண்டாம். ரத்தம், எலும்பு மஜ்ஜை தொடர்பான சில நோய்களுக்குத்தான் ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. மற்றதெல்லாம் அனுமதி பெற்ற சோதனைக்குள் மட்டுமே நடக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. சோதனை என்றால் நோயாளியிடம் சிகிச்சைக்குக் காசு வாங்க மாட்டார்கள். ரசீது போடுகிற இடம் சோதனைக்கூடம் இல்லை.

பணம் போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. தாய்லாந்தில் தனியார் கிளினிக் ஒன்றில் கிட்னிக்குள் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட பெண்ணுக்கு அங்கே கட்டிகள் வளர்ந்து, ஒரு கிட்னியையே எடுக்க வேண்டிவந்ததை 2010-இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். வேறொருவரின் செல்லை உங்களுக்குள் செலுத்தினால் அதற்கு எதிராக உங்கள் உடம்பில் எதிர்ப்பொருள்கள் உருவாகலாம். இன்று பொருந்துகிற அம்மாவின் கிட்னி நாளைக்குப் பொருந்தாமல் போகலாம். பெரிய இடத்திலும் அவசரம் ஆளைக் கொல்லும். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பாவ்லோ மக்கியாரினி என்கிற அறுவை மருத்துவர், ஸ்டெம் செல் ஊன்றிய செயற்கை மூச்சுக்குழாய் என்று சொல்லி மூன்று பேருக்குப் பொருத்தினார். உலகமே கொண்டாடியது. மூன்று பேரும் பிழைக்கவில்லை. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

அம்மா கொடுத்தால்

உங்கள் கடிதத்தின் நான்கு பக்கம் அறிவியல். அம்மாவைப் பற்றி அரைப் பக்கம்தான். ஆனால் அந்த அரைப் பக்கத்தில்தான் கடிதமே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

உங்கள் பயம் நியாயமானது. எந்த ஆபரேஷனுக்கும் ஆபத்து உண்டு. கிட்னி கொடுப்பவர் ஆபரேஷனை ஒட்டி இறக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்று பேர் என்பது அமெரிக்காவில் எடுத்த பெரிய கணக்கு. மிஞ்சியிருக்கும் ஒரு கிட்னியும் பிற்காலத்தில் செயலிழக்கும் வாய்ப்பு, வாழ்நாள் முழுவதற்கும் கணக்கிட்டால் பத்தாயிரத்தில் சுமார் 90. அதே அளவு ஆரோக்கியத்தோடு இருந்தும் கிட்னி கொடுக்காதவர்களுக்கு 14. ஆபத்தே இல்லை என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அம்மா படுத்த படுக்கையாகிவிடுவார் என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம். அவர் ஒரு பி.பி. மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாத்திரையில் கட்டுக்குள் இருந்தால் அதற்காகவே அவரை ஒதுக்கிவிட மாட்டார்கள். சர்க்கரை இருந்தால், சிறுநீரில் புரதம் போனால், டாக்டர்களே வேண்டாம் என்பார்கள். அந்த வடிகட்டலை நீங்கள் செய்ய வேண்டாம், அவர்கள் செய்யட்டும்.

'அம்மாவுடையதை வாங்கிவிட்டால் நாளைக்கு வரப்போகிற புதுக் கிட்னிக்கு இடமிருக்காது' என்று நீங்கள் நினைப்பது தவறு. பழைய கிட்னியைப் பெரும்பாலும் எடுக்கவே மாட்டோம். புதியதை வலது அடிவயிற்றில், இடுப்பு எலும்பின் குழிவில் வைத்து, கால் பக்கம் போகும் ரத்தக் குழாயோடு இணைப்போம். இரண்டாவது, மூன்றாவது மாற்றுக் கிட்னியோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் மாற்றுக்குப் பிறகு எதிர்ப்பொருள்கள் கூடி அடுத்தது பொருந்துவது கொஞ்சம் கடினமாகலாம் என்பது உண்மை. ஆனால் டயாலிசிஸில் வருஷங்களை ஓட்டிவிட்டுப் பொருத்திக்கொள்பவர்களுக்குப் பலன் குறைகிறது என்பதும் நன்றாக நிரூபணமான உண்மை. வாரத்துக்கு 168 மணி நேரம். கிட்னி அத்தனை மணி நேரமும் உழைக்கும், மெஷின் உங்களுக்கு 12 மணி நேரம் உழைக்கிறது. மிச்ச 156 மணி நேரத்தையும் உங்கள் இதயம்தான் சுமக்கிறது.

இன்னொன்று, உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐஜிஏ நெஃப்ரோபதி கிட்னியில் பிறக்கிற நோய் அல்ல. உங்கள் எதிர்ப்பு மண்டலம் செய்கிற ஒரு புரதம் கிட்னியில் போய்ப் படிகிறது. மாற்றுக் கிட்னியிலும் அது மெதுவாகத் திரும்பலாம். பலருக்குப் பல வருஷம் தொந்தரவில்லாமல் ஓடுகிறது. உங்கள் செல்லிலிருந்தே வளர்த்த கிட்னி ஒருநாள் கைக்கு வந்தாலும் உடம்பு அதை நிராகரிக்காமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை மிச்சமாகுமே தவிர, இந்த நோய்க்கு அது வேலி ஆகாது.

சட்டத்தில் சிக்கல் இல்லை. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் அம்மா நெருங்கிய உறவினர். உறவுக்கான சான்றுகள் வேண்டும், அவரைத் தனியாக உட்காரவைத்துச் சம்மதம் கேட்பார்கள், கடைசி நிமிஷத்தில்கூட அவர் மனம் மாறலாம். முகவர் மூலம் யாரிடமாவது கிட்னி வாங்கிவிடலாம் என்ற யோசனை எங்கிருந்தாவது வந்தால், அதற்கு ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை, இருபது லட்சத்துக்குக் குறையாத அபராதம். அம்மாவுடைய பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கும்போதே உங்கள் மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலிலும் பெயரைப் பதிந்துவையுங்கள். மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னி கிடைத்தால் அம்மாவுக்கு ஆபரேஷனே தேவையில்லை. ஓ குரூப்புக்கு வரிசை நீளம்; ஆனாலும் பதிவதில் நஷ்டமில்லை. செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் வருமா என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

நம் ஊரில் வீட்டில் யாருக்காவது கிட்னி வேண்டும் என்றால் முதலில் கை தூக்குவது பெரும்பாலும் அம்மாவும் மனைவியும்தான். அது எனக்குச் சங்கடமான விஷயம். அதனால் 'அம்மா கேட்டார், வாங்கிக்கொள்' என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவரைக் கேட்காமலே 'வேண்டாம்' என்று நீங்கள் முடிவெடுத்ததும் அதே பழக்கத்தின் மறுபக்கம்தான். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் கூட்டிப்போங்கள். நீங்கள் வெளியே உட்காருங்கள். அவர் தன் கேள்விகளைத் தானே கேட்கட்டும். உங்கள் முன்னால் கேட்க முடியாத கேள்விகள் அவருக்கும் இருக்கும்.

பின்குறிப்பில், ரத்தத்திலிருந்து செல் எடுத்துப் பாதுகாக்க வருஷத்துக்கு இருபதாயிரம் கேட்கிறார்கள், எதிர்காலக் கிட்னிக்காகக் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்ட வேண்டாம். யமனாக்காவின் முறைக்கு வேண்டியது சில மில்லி லிட்டர் ரத்தமோ ஒரு துணுக்குத் தோலோதான். அந்த நாள் வரும்போது கையை நீட்டி ஊசி குத்தி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இடது கையில் வேண்டாம், அது ஃபிஸ்டுலா கை.